தீவு தானே வளர்ந்துகொள்ளும்

மெர்சிங்
4 மார்ச் 2024

எலைன் அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். பிறகு ஜீவன் அண்ணன் போனை வாங்கி, "ஞாயித்துக்கிழம சாப்பிட வா, பேசிக்கலாம்" என்பார். அதனால்தான் உங்கள் நம்பரை அடைத்துவிட்டுத் தாளில் எழுதுகிறேன். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்று மதியம் லெங்குங் தீவிலிருந்து காக் ரொக்கியா படகில் வந்திருந்தார். தீவில் பாலர் பள்ளி நடத்துகிறாரே, ஊருக்கே அக்கா, அவர்தான். நாம் இருவரும் அங்கே தங்கி அளவெடுத்த இரண்டு பருவமும் நமக்குச் சோறு போட்டவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நகல். முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர், இதுல உங்க பேரு இருக்கு பாருங்க. அதப் பாத்துட்டுத்தான் நாங்க எல்லாரும் சரின்னு கையெழுத்துப் போட்டோம்" என்றார், மலாயில்.

வாங்கிப் படித்தேன். உங்கள் ஆபீஸ் தயாரித்த சுற்றுச்சூழல் அறிக்கை. விடுதிக் கம்பெனி தீவின் தென்மேற்கு முனையில் மணல் உறிஞ்சப்போகிறது. அதை வடக்குப் பக்கம் கொட்டி, வில்லாக்களுக்கு முன்னால் அகலமான கடற்கரை அமைக்கப்போகிறது. கூடவே பவளத்திட்டின் குறுக்கே கல்லை அடுக்கி ஒரு படகுத்துறை. இதனால் தீவுக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? என் கட்டுரை! 'இத்தகைய தீவுகள் உயரும் கடலோடு சேர்ந்து தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும். எனவே எடுக்கப்படும் மணல் இயற்கையாகவே நிரம்பிவிடும்.' கீழே என் பெயர். அதற்கும் கீழே, அறிக்கையைத் தயாரித்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து.

நான் எழுதிய வாக்கியம் உங்களுக்கு மனப்பாடம். அந்தக் கட்டுரையின் பிழை திருத்தியவரே நீங்கள். 'பவளம் உயிரோடு இருந்து, மணல் தடையில்லாமல் நகர முடிகிற வரையில், இத்தகைய தீவுகள் உயரும் கடலோடு சேர்ந்து தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும்.' தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். இரண்டாவது வாக்கியம் என்னுடையதே இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு இரண்டுமே என் வாயிலிருந்து வந்தது போலத்தான் தெரியும்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மணியாகப் பிரித்தவர் நீங்கள். மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து போட்ட மணல் இல்லை அது. கிளிமீன் செத்த பவளத்தைக் கடித்து அரைத்துக் கழித்தது, உடைந்த சிப்பி, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் விட்டுப்போன நட்சத்திர ஓடு என்று ஒவ்வொரு மணியும் ஏதோ ஓர் உயிரின் உடம்பு. ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் இன்றைக்கு நிற்பதைவிட ஒரு ஆள் உயரம் மேலே நின்றது. வெளிச்சத்தை நோக்கிப் பவளமும் அந்த உயரத்துக்கு வளர்ந்தது. பிறகு கடல் இறங்கியது. ஆழமில்லாமல் கிடந்த அந்தத் திட்டின் மேல் அலை மணலைக் கொண்டுவந்து குவித்தது, புயல் பவளத் துண்டுகளை எறிந்து வரப்புக் கட்டியது, எங்கிருந்தோ மிதந்து வந்த தாழை வேர் பிடித்தது. தீவு என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. வருவதும் போவதும் ஒன்றுக்கொன்று சரியாக இருப்பதால் நிற்கிறது, அவ்வளவுதான்.

வருகிற வழியை அடைத்து, இருப்பதையும் உறிஞ்சிவிட்டு, அது தானே வளரும் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முடியாதென்றால் என் பெயரையாவது எடுங்கள்.

சந்திரமதி

*

ஸ்கூடாய்
17 மார்ச் 2024

சந்திரா,

உன் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தவர் உன் அண்ணன்தான். பிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்து தெரியாமல் போகுமா? "என்னவாம் அவளுக்கு?" என்றார். "மணல்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்த் திரும்புகிற மனிதருக்கு மணலைப் பற்றிக் கேட்கத் தெம்பு இருக்காது.

இது தவக்காலம். கோபப்படுவதில்லை என்று சாம்பல் புதனன்று முடிவெடுத்திருந்தேன். கெடுத்துவிட்டாய்.

வாக்கியத்தை யார் வெட்டினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கையெழுத்து என்னுடையது, அதனால் வெட்டியதும் நான்தான். ஆபீசில் மேலே இருக்கிறவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு உன்னிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கட்டுரை வெளிவந்த வாரம் தொலைக்காட்சிக்காரன் வந்தான். ஞாபகம் இருக்கிறதா? நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காற்றில் முடி பறக்க, "இந்தத் தீவு மூழ்காது" என்றாய். செய்தியில் வந்தது அவ்வளவுதான். உன் முதல் பாதி அதில் எங்கே? அந்தத் துண்டை உன் அம்மா லாயாங் லாயாங் வீட்டில் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினார்கள்! நீயும்தான் எல்லாருக்கும் அனுப்பினாய். அன்றைக்கு உனக்கு இந்தக் கோபம் வரவில்லையே.

உலகமெல்லாம் 'தீவுகள் மூழ்குகின்றன' என்று அழுதுகொண்டிருந்தபோது, 'இல்லை, அவை நகரும், வளரும், மாறும்' என்று சண்டை போட்டவள் நீ. நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். வடகிழக்குக் காற்றில் கிராமத்துக்கு முன்னால் இருக்கும் மணல் தென்மேற்கு முனையின் வால் பக்கம் போகிறது, காற்று மாறியதும் திரும்பி வருகிறது என்று அளந்து காட்டினோம். திரும்பி வருகிற ஒன்றில் கொஞ்சம் எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? நீ சொன்ன உயிர் அதற்கு உண்மையிலேயே இருந்தால் தாங்கிக்கொள்ளாதா? இல்லை, அது உன் கட்டுரையில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறதா?

படகுத்துறையைப் பற்றி ஒரு வரியில் கேலி செய்துவிட்டுப் போய்விட்டாய். காக் ரொக்கியாவின் மருமகள் பிரசவ வலியோடு நெஞ்சளவு தண்ணீரில் நடந்துபோய்ப் படகு ஏறினாள். நீ அப்போது ஆஸ்திரேலியாவில் மாநாட்டில் இருந்தாய். மறுமுனையில் அந்தப் பெண்ணின் அலறல் கேட்க, காக் ரொக்கியா போனில் என்னிடம், "ஒரு துற கட்டித் தரச் சொல்லு, எலைன், யாராயிருந்தாலும் பரவால்ல" என்று அழுதார். கட்டித் தர முன்வந்தது இந்தக் கம்பெனி ஒன்றுதான். உன் பல்கலைக்கழகம் இல்லை.

பெயரை எடுக்க முடியாது. அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் மெர்சிங் மண்டபத்தில் பொதுமக்கள் கூட்டம். வந்து சொல்.

எலைன்

*

மெர்சிங்
29 ஏப்ரல் 2024

அண்ணி,

வந்தேன். சொன்னேன். பார்த்தீர்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் டீன் கூப்பிட்டார். "தனிப்பட்ட முறையில போங்க. பல்கலைக்கழகத்தோட பேரு எங்கயும் வரக் கூடாது" என்றார். அடுத்த வருஷ ஆய்வுக்கான மனு அவர் மேசையில்தான் இருக்கிறது. அதைக் கையால் மெல்லத் தட்டிக்கொண்டே பேசினார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தொலைக்காட்சியைச் சொல்லிக் குத்தியிருக்கிறீர்கள். நான் முழுவதும்தான் சொன்னேன், வெட்டியது அவர்கள். பிறகு அந்தத் துண்டை நான் எல்லாருக்கும் அனுப்பியதும் உண்மை. இருக்கட்டும். அதைப் பார்த்து யாரும் மணல் அள்ளுவதற்கு அனுமதி கேட்கவில்லை.

படகுத்துறை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? தூண் மேல் நிற்கிற துறை கட்டுங்கள், அடியில் தண்ணீரும் மணலும் போய்வரட்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுமே படம் வரைந்து உங்களுக்கு அனுப்பினேனே. கல் அடுக்கினால் அது சுவர். மணலுக்குத் தாண்டிப்போகத் தெரியாது. தூண் செலவு அதிகம் என்பதால் அந்தப் படம் உங்கள் அறிக்கையில் இல்லை. மருமகளின் வலியைக் காட்டிக் கல்லுக்கு அனுமதி வாங்குகிறீர்கள்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் குனிந்தே உட்கார்ந்திருந்தீர்கள்.

எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். மணல் எப்படி உருவாகிறது என்று தொடங்கியபோதே கம்பெனி மேனேஜர் எழுந்துவிட்டார். திரையில் என் வாக்கியம் வந்தது. அந்தப் பொத்தானை அழுத்தியது உங்கள் விரல்.

"டாக்டர், இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா, ஆனா அதுக்கு முன்னாடி..."

"இது உங்க பேருதானே?"

"ஆமா."

"நன்றி, டாக்டர்."

மண்டபம் கைதட்டியது. காக் ரொக்கியாவும்தான். கைதட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் என்ன லா டாக்டர்?" என்றார், குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எனக்குப் பலகாரம்கூடக் கொண்டுவந்திருந்தார்.

'கொஞ்சம் எடுத்தால் என்ன' என்று கேட்டிருந்தீர்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாலில் கிடக்கும் மணல் கிராமத்துக்குத் திரும்பி வருகிற காலம். கம்பெனி உறிஞ்சப்போவது அதே மாதங்களில், அதே இடத்தில். வீட்டுக்குத் திரும்புகிறவர்களை வழியில் பிடித்துக்கொள்வது மாதிரி. இந்த வருஷக் கடைசியில் காற்று திரும்பும்போது கிராமத்துக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. அலை நேராக வீட்டுக்கு வரும். அள்ளிய மணலைத் திரும்ப உண்டாக்கப் பவளத்துக்கு எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போட்டவர் நீங்கள். அந்தக் கணக்கு என் கட்டுரையில் இருக்கிறது, உங்கள் அறிக்கையில் இல்லை.

தீவுக்கு உயிர் உண்டு என்று சொன்னேன். அதனால் அதை அடிக்கலாம் என்று எந்த ஊர் நியாயம்?

சந்திரமதி

*

ஸ்கூடாய்
2 ஜூலை 2024

சந்திரா,

அனுமதி கிடைத்துவிட்டது. நிபந்தனைகளோடுதான். பவளத்தின் மேல் சேறு படியாமல் தண்ணீருக்குள் திரை கட்ட வேண்டும், மாதா மாதம் கண்காணிக்க வேண்டும். கண்காணிக்கிறவள் நான். அதனால் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்காதே.

நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். போன ஞாயிறு லாயாங் லாயாங் போனபோது, என் தட்டில் மீன் வைத்துவிட்டு, "அந்தத் தீவுல மீனாவது இன்னும் இருக்கா, இல்ல அதையும் வித்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். உன் அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு வீடு வரும் வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே கார் ஓட்டினார்.

பெரியவர்களை இதில் இழுக்காதே. அவ்வளவுதான்.

எலைன்

*

லெங்குங் தீவு
18 அக்டோபர் 2024

அண்ணி,

இந்தக் கடிதம் மீன் படகில் வருகிறது. தாமதமானால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

என் ஆய்வு மனுவுக்கு 'இந்த ஆண்டு இல்லை' என்று பதில் வந்துவிட்டது. சொந்த விடுப்பில் வந்து காக் ரொக்கியா வீட்டில் தங்கியிருக்கிறேன். நாம் அளப்பதற்காக நட்ட பழைய கம்பங்களில் பாதி இன்னும் நிற்கின்றன. அவற்றை வைத்து அளக்கிறேன்.

நீங்கள் சொன்ன திரையைப் பார்த்தேன். ஒரு முனை அறுந்து கொடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் பவளம் மாவு தூவியது போல வெளுத்துக் கிடக்கிறது. வால் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று கழுத்துவரை இறங்கிவிட்டேன். பள்ளம். அதன் ஓரத்தில் நின்று கவனித்தேன். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் மணல் சரிந்து உள்ளே போகிறது. உள்ளே போனது வெளியே வரவில்லை. உங்கள் மாதக் கண்காணிப்பில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கடைசியாக எப்போது வந்தீர்கள்? 'செப்டம்பர்ல ஒரு தடவ எலைன் வந்துச்சு, துற மேல நின்னு படம் புடிச்சிட்டுப் போச்சு' என்கிறார் காக் ரொக்கியா.

துறையில் அவருக்குச் சந்தோஷம்தான். பேரனைத் தூக்கிக்கொண்டு கால் நனையாமல் படகு ஏறுகிறார். ஆனால் நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு மணலு இங்க வர வந்திருக்கணுமே, டாக்டர். ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார்.

நான் அளவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'உங்க பேரு இருந்துச்சு, அதான் கையெழுத்துப் போட்டோம்' என்று சொன்ன வாய் அது.

வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டது.

சந்திரமதி

*

ஸ்கூடாய்
23 ஜனவரி 2025

சந்திரா,

உன் அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். அறுந்த திரையைப் பற்றி என் அறிக்கையில் எழுதியிருந்தேன், அது மேலே போகவில்லை என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

பொங்கலுக்கு நான் லாயாங் லாயாங் வராததற்குக் காய்ச்சல் என்று உன் அண்ணன் சொல்லியிருப்பார். காய்ச்சல் இல்லை. தீவில் இருந்தேன். புயல் அடித்த செய்தி வந்ததும் கம்பெனிப் படகில் போனேன். நீ டிசம்பரில்தான் வந்துபோயிருந்தாய் என்றார்கள். நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

நீ எழுதியது போலவே நடந்திருக்கிறது. கிராமத்துக்கு முன்னால் கடற்கரை என்று ஒன்று இல்லை. தென்னைகள் வேரோடு சாய்ந்து தண்ணீரில் தலை வைத்துக் கிடக்கின்றன. பாலர் பள்ளியின் முன் அறை போய்விட்டது, சுவரில் குழந்தைகள் ஒட்டிய மீன்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. ஆனால் அதையெல்லாம்விட மோசம் கிணறு. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய தட்டாக மிதக்கிறது, தீவு குடிக்கிற தண்ணீர் அவ்வளவுதான் என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அலை மேலேறி வந்து அந்தத் தட்டை உடைத்துவிட்டது. காக் ரொக்கியா வாளியில் இறைத்து, ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "குடிச்சுப் பாரு" என்றார். வாயில் வைத்தேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ஆபீஸ். கம்பெனி மேனேஜர் வந்திருந்தார். கிராமத்துக்காரர்கள் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகார் எழுதிவிட்டார்களாம், எங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம்.

"கடல் மட்டம் உயர்ந்துருச்சு, அதனால அரிப்புன்னு எழுதிடுங்க. உலகம் பூரா அதத்தானே சொல்றாங்க?"

"போன வருஷம் கடலோட சேந்து தீவும் உயரும்னு எழுதினோம்" என்றேன்.

"அது போன வருஷம் லா, மேடம்."

என் முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் கோப்பைத் தள்ளினார்.

சந்திரா, எனக்கு இதுவரை இப்படிக் கோபம் வந்ததில்லை. அனுமதி வேண்டுமென்றால் தீவு வளரும். பொறுப்பு வருமென்றால் கடல் உயரும். ஒரே தீவு, ஒரே கடல், ஒரே கையெழுத்து! பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது இவர்கள் ஒளிந்துகொள்ளவா? கடல் ஒரு வருஷத்தில் உயர்வது ஒரு அரிசியின் நீளம்கூட இல்லை. ஒரு அரிசி எழுந்து வந்து பாலர் பள்ளிச் சுவரை இடித்துவிட்டது என்று நான் எழுத வேண்டுமாம்.

கோப்பை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்தேன். எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை.

நாம் அளந்த பழைய அளவுகளும் உன் அக்டோபர் அளவுகளும் எனக்கு வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

எலைன்

*

மெர்சிங்
30 ஜனவரி 2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. 'இதுவரை இப்படிக் கோபம் வந்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்த பிறகு வந்திருக்கிறது. மண்டபத்தில் என் வாயை அடைத்தபோது வரவில்லை.

ஆனாலும் கேட்ட எல்லாவற்றையும் இத்தோடு ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். நாம் எடுத்த பழைய அளவுகள், அக்டோபர், டிசம்பர், பள்ளத்தின் ஆழம், கடல் மட்டப் பதிவு. கடல் மட்டம் கோடு மாதிரி கிடக்கிறது, மணல் மட்டும் செங்குத்தாக விழுகிறது. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள். கடல் உயர்கிறது என்பது பொய் இல்லை. அது உண்மையிலேயே உயர்கிறது, நம் பிள்ளைகள் காலத்தில் இன்னும் வேகமாக உயரும். அதைத் தாங்கத் தீவுக்கு இருக்கிற ஒரே வழி, புயலில் அலை மேலேறும்போது கூடவே மணலையும் கொண்டுவந்து போட்டு நிலத்தை உயர்த்துவது. இந்தப் புயலிலும் அலை மேலேறி வந்தது. கையில் மணல் இல்லாமல் வந்தது. அவர்கள் பறித்தது கொஞ்சம் மணலை மட்டுமில்லை, இந்தத் தீவு வரப்போகிற கடலைச் சமாளிக்கிற வழியையே பறித்துவிட்டார்கள்.

இதை உங்களுக்காக அனுப்பவில்லை. தவறாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்திரமதி

*

ஸ்கூடாய்
26 பிப்ரவரி 2025

சந்திரா,

வேலையை விட்டுவிட்டேன். அறிக்கையை நேராக இலாகாவுக்கே என் சொந்தப் பெயரில் அனுப்பிவிட்டேன். கம்பெனி வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது, ஆபீஸ் ரகசியத்தை வெளியிட்டேனாம். உன் அண்ணன் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "நா இன்னொரு ஷிப்ட்டும் எடுத்துக்கிறேன், நீ பேசறத பேசு" என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

மார்ச் 12, மெர்சிங்கில் விசாரணை. அதே மண்டபம். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வருவாய் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தாலும் என்னோடு உட்கார வேண்டாம். நீ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறேன் என்பார்கள்.

எலைன்

*

மெர்சிங்
16 மார்ச் 2025

அண்ணி,

நான் வந்திருந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். நீங்கள் பேசி முடித்ததும் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டீர்கள். அண்ணன் காரை எடுப்பதைப் பார்த்தேன். ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. உங்கள் நம்பரையும் இன்னும் திறக்கவில்லை. அதற்கு இன்னும் மனம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் முழுவதும் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வக்கீல் உங்கள் இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் நீங்க எழுதினது. ஒண்ணு, மணல் எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்குது. இன்னொண்ணு, மணல் எடுத்ததாலதான் எல்லாம் ஆச்சுங்குது. இதுல எது பொய், மேடம்?" என்று கேட்டாரே, அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் ஏதாவது சுற்றி வளைப்பீர்கள் என்று நினைத்தேன்.

"மொதல்ல எழுதினது" என்றீர்கள்.

"தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சேதான் எழுதினேன்."

வக்கீல் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். பிறகு நீங்கள் முழு வாக்கியத்தையும் தலையோடு வாசித்தீர்கள். மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. எனக்கு அதுதான் சரியென்று பட்டது.

நீங்கள் போன பிறகு அதிகாரி உத்தரவை வாசித்தார். மணல் உறிஞ்சுவதை உடனே நிறுத்த வேண்டும். வில்லாக்களுக்கு முன்னால் கொட்டிய மணலைத் திரும்பப் பள்ளத்திலேயே போட வேண்டும். கல் துறையை ஆறு மாதத்துக்குள் திறந்து தூணில் நிறுத்த வேண்டும். கம்பெனி மேல்முறையீடு செய்யும், எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் அப்போதே போனில் பேசத் தொடங்கிவிட்டார். ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அப்போது காக் ரொக்கியா எழுந்தார். பேசுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதிகாரி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"பள்ளத்த மூடுவீங்க. சரி. துறயத் தொறப்பீங்க. சரி. ஒரு வருஷம் பூரா நீங்க படிச்சவங்க எல்லாம் பேசினீங்க. தீவு வளரும்னீங்க, கைதட்டினோம். அப்புறம் கடல் உயருதுன்னீங்க. இப்போ இல்லன்னு சொல்றீங்க. நா இன்னிக்கு நோன்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போயி, எந்தத் தண்ணியக் குடிச்சு நோன்பு தொறக்க?"

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். காக் ரொக்கியா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசைக்கு வந்து என் மேல் கண் நின்றது. 'உங்க பேரு இருந்துச்சு' என்று அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. பிறகு உங்கள் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

கிணறு மறுபடி நல்ல தண்ணீர் ஆக இரண்டு மூன்று மழைக்காலம் வேண்டும், அதுவும் கரை நின்றால்தான். அதுவரை பீப்பாயில் தண்ணீர் மெர்சிங்கிலிருந்துதான் போக வேண்டும். யார் அனுப்புவது என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை. வாரா வாரம் ஒரு படகு பேசியிருக்கிறேன். சனிக்கிழமை காலை புறப்படுகிறது. பீப்பாய்கள் கனம், எனக்குத் தனியாக ஏற்ற முடியாது.

வாருங்கள், அண்ணி. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வராதீர்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது நீங்கள் அங்கே இல்லை. நேரில் வந்து அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

சந்திரமதி